சுவரில் மாட்டிய படம்

முதுகில் இரண்டு வாள்களைக் கட்டிக்கொண்டு, காடு மேடெல்லாம் அலைந்து, பேய் பிசாசுகளைக் கொன்று கூலி வாங்குவது அவன் தொழில். அப்பேர்ப்பட்டவன் ஒரு வீட்டின் மாடியறையில் நின்று தரையை முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். திராட்சை மது கொட்டிக் காய்ந்த வாசனை வருகிறது. மெழுகுவத்தித் தண்டு ஒன்று சேதப்பட்டிருக்கிறது. சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. அந்த இடத்துக்குச் சற்றும் பொருந்தாத படம். அதை எடுத்துப் பார்த்தால், பின்னால் சுவர் பெயர்ந்து பள்ளமாக இருக்கிறது.

வீட்டுக்காரர் சொன்ன கதை வேறு. மனைவியும் மகளும் திடீரென்று காணாமற் போய்விட்டார்களாம்; யாரோ கடத்திக்கொண்டு போயிருக்க வேண்டுமாம். அதைச் சொல்லும்போது பெரிய மீசையும் பெரிய தொந்தியுமாக இருந்த அந்த மனிதரைப் பார்க்க நமக்கே பாவமாக இருந்தது. படத்தை எடுத்த மறு கணமே விஷயம் விளங்கிவிடுகிறது. யாரும் அவர்களைக் கடத்தவில்லை. அவர்கள் தப்பித்து ஓடியிருக்கிறார்கள்.

துப்பறியும் தொடர்கதையில் நாலாவது வாரம் வருகிற கட்டம் மாதிரி இருக்கிறதல்லவா? இது தொடர்கதையும் அல்ல, சினிமாவும் அல்ல. வீட்டுப் பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, சாப்பிடக் கூப்பிட்டால், “இதோ, அஞ்சே நிமிஷம்!” என்று ஒரு மணி நேரம் ஆக்குகிறார்களே, அந்த வீடியோ விளையாட்டுகளில் ஒன்று. பெயர், ‘தி விட்சர் 3: வைல்ட் ஹண்ட்’. போலந்து தேசத்தின் தலைநகரான வார்சாவில் இருக்கும் ‘சிடி ப்ராஜெக்ட் ரெட்’ என்ற நிறுவனத்தார் 2015-ம் ஆண்டு மே மாதம் 19-ந் தேதி இதை வெளியிட்டார்கள். 2023-க்குள் 5 கோடிப் பிரதிகளுக்கு மேல் விலை போயிற்று.

“வெட்டுகிறதையும் குத்துகிறதையும் தவிர அதிலே என்ன இருக்கப் போகிறது?” என்று தாய்மார்கள் கேட்பது நியாயந்தான். வெட்டும் குத்தும் இதில் ஏராளம். போதாததற்கு, பெரியவர்கள் மட்டுமே பார்க்கக்கூடிய காட்சிகளும் உண்டு. ஐரோப்பாவில் 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும் என்று முத்திரை குத்தித்தான் இதை விற்கிறார்கள். ஆகவே பள்ளிக்கூடத்துப் பையன் கையில் வாங்கிக் கொடுங்கள் என்று நான் சிபார்சு செய்ய வரவில்லை. நான் சொல்ல வந்தது அதன் எழுத்தைப் பற்றி. அதிலும், ஒரு கணவன், ஒரு மனைவி, ஒரு மகள் ஆகிய மூன்று பேரை வைத்து அதில் எழுதியிருக்கும் ஓர் அத்தியாயத்தைப் பற்றி. கெட்ட கணவனைக் கதையில் கொண்டுவருவது ஒன்றும் பெரிய வித்தையல்ல. முதல் வரியிலேயே அவனுக்குச் சிவந்த கண்ணும் கையில் பெல்ட்டும் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. அவனை நமக்கு முதலில் பிடித்துப் போகும்படி செய்து, அப்புறம் அவன் செய்ததை எடுத்து வைத்து, “இப்போது நீ என்ன செய்யப் போகிறாய்?” என்று நம்மையே கேட்பது இருக்கிறதே, அது வேறு சாமர்த்தியம்.

மூன்றாம் பரிசுக் கதை

இந்த விளையாட்டுக்கு மூலம் ஒரு சிறுகதை. ஆந்த்ரே சப்கோவ்ஸ்கி என்பவர் 1948-ல் போலந்தில் பிறந்தவர். வெளிநாட்டு வியாபாரத் துறையில் உத்தியோகம் பார்த்தவர். ‘ஃபந்தாஸ்டிகா’ என்ற பத்திரிகை நடத்திய சிறுகதைப் போட்டிக்கு ஒரு கதை எழுதி அனுப்பினார். 1986 டிசம்பர் இதழில் அது வெளியாயிற்று. கிடைத்தது மூன்றாம் பரிசு! முதல் இரண்டு பரிசுக் கதைகளை இன்று உலகத்தில் எத்தனை பேர் ஞாபகம் வைத்திருக்கிறார்களோ, எனக்குத் தெரியாது. மூன்றாம் பரிசு வாங்கிய வாசகிகள் யாராவது இருந்தால் மனம் தளர வேண்டாம்.

அந்தக் கதையின் நாயகன்தான் கெரால்ட். சிறு வயதிலேயே பெற்றவர்களைப் பிரிந்து, விஷ மருந்துகள் கொடுத்துப் பழக்கப்பட்டு, மனிதனாகவும் இல்லாமல் வேறாகவும் இல்லாமல் ஆக்கப்பட்டவன். பூனைக் கண், வெள்ளை முடி. ஊருக்கு ஆபத்து வந்தால் அவனைக் கூப்பிடுவார்கள். ஆபத்து தீர்ந்ததும் சீக்கிரம் போய்த் தொலைந்தால் தேவலை என்பார்கள். முதல் கதையில் அவனுக்கு வந்த வேலை, சாபத்தினால் பூதமாகி ராத்திரியில் மனிதர்களைத் தின்னும் ஓர் அரசகுமாரியைப் பற்றியது. அவளைக் கொல்வது சுலபம். கெரால்ட் கொல்லவில்லை. ஒரு ராத்திரி முழுவதும் அவளோடு போராடி, கோழி கூவும் நேரம் வரையில் சமாளித்து, சாபத்தை நீக்கிவிடுகிறான். பூதத்தைக் கண்டால், அது எப்படிப் பூதமாயிற்று என்று கேட்க வேண்டும் என்ற அந்த ஒரு யோசனையை வைத்துக்கொண்டு சப்கோவ்ஸ்கி அதற்குப் பிறகு பல புத்தகங்கள் எழுதினார்.

விளையாட்டு நிறுவனத்தார் அவரிடம் வந்து, லாபத்தில் பங்கு தருகிறோம் என்றார்கள். “லாபமாவது, வருவதாவது! இப்போதே மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள்” என்கிற தோரணையில் மனிதர் ரொக்கத்தை வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிட்டார். 2007-ல் முதல் விளையாட்டு, 2011-ல் இரண்டாவது, 2015-ல் மூன்றாவது என்று வந்து, பணம் வெள்ளமாகக் கொட்டியது. 2018-ல் அவருடைய வக்கீல்கள் 6 கோடி ஸ்லோட்டி கேட்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார்கள். ஸ்லோட்டி என்பது போலந்து நாணயம். 2019 டிசம்பரில் இரு தரப்பாரும் புது ஒப்பந்தம் செய்துகொண்டு சமாதானமானார்கள். இது கிடக்கட்டும். கதைக்கு வருவோம்.

பதில் சொல்வது நீங்கள்தான்

இவ்வகை விளையாட்டில் நீங்கள் ஒரு பாத்திரத்தின் வேஷத்தைப் போட்டுக்கொள்கிறீர்கள். இங்கே நீங்கள்தான் கெரால்ட். யாராவது உங்களிடம் பேசினால், திரையில் இரண்டு மூன்று பதில்கள் எழுத்தில் தோன்றும். ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சில சமயம் யோசிக்கக் கொஞ்ச நேரமே தருவார்கள். அதற்குள் சொல்லாவிட்டால் அந்தச் சந்தர்ப்பம் போயிற்று.

தொடர்கதை படிக்கிற நமக்கு ஒரு சௌகரியம் உண்டு. கதாநாயகி அசட்டுத்தனமாக ஒரு காரியம் செய்துவிட்டால், “என்ன எழுதுகிறார் இந்த ஆசிரியர்!” என்று அவர் தலையில் பழியைப் போட்டுவிட்டு அடுத்த வாரத்துக்குக் காத்திருக்கலாம். இங்கே அந்தச் சௌகரியம் இல்லை. செய்தது நீங்கள். அதிலும் இந்த போலந்துக்காரர்கள் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். நீங்கள் சொன்ன பதிலின் பலன் உடனே தெரியாது. பல மணி நேரம் விளையாடிய பிறகு, வேறொரு ஊரில், நீங்கள் மறந்தே போன சமயத்தில் வந்து எதிரே நிற்கும். உடனே தெரிந்தால், பின்னால் போய் வேறு பதிலைச் சொல்லி மாற்றிக்கொள்வீர்கள் அல்லவா? அதற்கு இடம் கொடுக்கக்கூடாது என்று முதல் விளையாட்டிலிருந்தே இப்படிச் செய்கிறார்கள்.

இதற்காக எழுதிய வசனம் மட்டும் சுமார் 4,50,000 சொற்கள். கதைப் பகுதிக்கு மார்சின் பிளாகா என்பவர் தலைவர். அவருக்குக் கீழே ஓர் எழுத்தாளர் கூட்டமே இருந்தது. நான் சொல்லப் போகும் அத்தியாயத்தின் நிகழ்ச்சிகளைக் கோத்து அமைத்தவர் பாவெல் சாஸ்கோ. போலிஷ் மொழியில் எழுதி, கூடவே ஆங்கிலத்திலும் திருத்தி எழுதிக்கொண்டே போனார்களாம்.

காக்கைக் கோட்டைப் பிரபு

கெரால்ட் தன் வளர்ப்பு மகளைத் தேடி வருகிறான். அவள் பெயர் சிரி. தமிழில் படித்தால் எவ்வளவு அழகான பெயர்! பாவம், அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பதற்கான சந்தர்ப்பம் இந்தக் கதையில் அதிகம் வாய்க்கவில்லை. அவள் தங்கியிருந்த இடங்களில் ஒன்று வெலன் என்ற சதுப்பு நிலப் பிரதேசம். யுத்தம் வந்து போன பூமி. மரத்துக்கு மரம் தூக்கில் தொங்கும் பிணங்கள், சோற்றுக்கில்லாத கிராமங்கள். அங்கே ஒரு மரக் கோட்டையில் அதிகாரம் செலுத்திக்கொண்டிருப்பவர் ஃபிலிப் ஸ்ட்ரெங்கர். ஜனங்கள் வைத்த பெயர் ‘ரத்தப் பிரபு’. உண்மையில் அவர் பிரபுவே அல்ல. தோற்றுப்போன சைன்யத்தில் ஒரு சாதாரண சார்ஜெண்டு. காலியாகக் கிடந்த கோட்டையில் குடியேறி, தமக்குத் தாமே பட்டம் சூட்டிக்கொண்டவர். அவருடைய ஆட்கள் கிராமங்களில் கொள்ளையடிக்கிறவர்கள்.

இத்தனையும் கேட்டுவிட்டுப் போனால், எதிரே வருகிறவர் வாய் நிறையப் பேசுகிறார், வயிறு குலுங்கச் சிரிக்கிறார். சிரி அங்கே வந்தபோது, காட்டில் தனியாகத் தவித்த ஒரு சிறுமியை அழைத்துக்கொண்டு வந்தாளாம். அந்தக் குழந்தைக்குத் தம் கோட்டையில் இடம் கொடுத்திருக்கிறார். சிரியுடன் குதிரைப் பந்தயம் ஓடியதைக் குழந்தை மாதிரி உற்சாகமாக வர்ணிக்கிறார். இவரையா ரத்தப் பிரபு என்கிறார்கள் என்று நமக்குத் தோன்றுகிறது. தோன்ற வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். சிரியைப் பற்றி மீதியைச் சொல்ல வேண்டுமானால், காணாமற் போன தம் மனைவி அன்னாவையும் மகள் டமாராவையும் கண்டுபிடித்துத் தர வேண்டும் என்று பேரம் பேசுகிறார். ஒரு தகப்பனின் கவலை இன்னொரு தகப்பனுக்குத் தெரியாதா? சரி என்கிறோம். அப்புறந்தான் மாடியறை, மது வாசனை, சுவரில் படம்.

அந்த வீட்டில் ஒரு தாயத்தும் கிடைக்கிறது. அதைக் கட்டிக் கொடுத்த கிராமத்து மந்திரவாதியைத் தேடிப் போனால், அவன் தன்னுடைய வெள்ளாட்டைக் காணோம் என்கிறான். ஆட்டின் பெயர் ‘இளவரசி’! அதைக் கண்டுபிடித்து, மணியை ஆட்டிக்கொண்டே கூட்டி வர வேண்டும். அந்தப் பொல்லாத ஆடு வழியெல்லாம் தகராறு செய்கிறது. சிரித்துக்கொண்டே திரும்பி வருகிறோம். வந்ததும் மந்திரவாதி குறி பார்த்து ஒரு சேதி சொல்கிறான். அந்த வீட்டில் ஒரு குழந்தை குறைப்பிரசவமாகச் செத்துப் பிறந்தது, அதற்குப் பெயர் வைக்கவில்லை, சடங்கு செய்யவில்லை. சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.

கோட்டைக்குத் திரும்பினால் குதிரை லாயம் எரிந்துகொண்டிருக்கிறது. பிரபு குடித்துவிட்டுத் தலைகால் தெரியாமல் நிற்கிறார். சேற்றில் அவரோடு கட்டிப் புரண்டு சண்டை போட்டு, போதை தெளிய வைத்த பிறகு, உண்மை வெளிவருகிறது. வருஷக் கணக்காக யுத்தம் யுத்தம் என்று போய்விட்டார். அன்னா வேறொருவனிடம் மனத்தைப் பறிகொடுத்தாள். திரும்பி வந்தவர் அவனைக் கொன்றுவிட்டார். அவள் ஆவேசத்தோடு தம்மேல் பாய்ந்தாளாம். அப்போதுதான் முதல் தடவையாக அவளை அடித்தாராம். அதற்கப்புறம் குடி, குடித்தால் அடி. கர்ப்பமாயிருந்த சமயத்திலும் ஒரு ராத்திரி அது நடந்தது. அந்த ராத்திரிதான் தாயும் மகளும் ஓடிப் போனார்கள். அந்த ராத்திரிதான் குழந்தையும் போயிற்று.

இந்த வாக்குமூலத்தை எழுதியவர்களின் காது நல்ல காது. பிரபு பொய் சொல்லவில்லை. அழுகிறார், அந்த அழுகையும் பொய்யல்ல. ஆனால் அவர் சொல்கிற நியாயங்களில் பாதிக்கு மேல் “அவள் என்ன செய்தாள் தெரியுமா?” என்பதைச் சுற்றியே வருகின்றன. இந்தப் பேச்சை வேறு எங்கேயோ, வேறு மொழியில், யாரோ ஒரு மாமாவோ அண்டை வீட்டுக்காரரோ சொல்லிக் கேட்டிருக்கிறோமே என்று பெண்களுக்குத் தோன்றாமல் இராது. அப்போது நமக்கு முன்னால் பதில்கள் தோன்றுகின்றன. இரக்கமாகவும் பேசலாம், முகத்தில் அறைந்தாற்போலவும் பேசலாம். எதைச் சொன்னாலும் நடந்தது மாறாது. மன்னிக்கிற அதிகாரம் கெரால்டுக்கு இல்லை. அது எவளுக்கு உண்டோ, அவள் எங்கே இருக்கிறாள் என்பதே இன்னும் தெரியவில்லை.

நிலைவாசலில்

ஸ்லாவிய இன மக்களிடையே பழைய நம்பிக்கை ஒன்று உண்டு. பெயரிடாமல், முறைப்படி அடக்கம் செய்யாமல் விடப்பட்ட சிசு பேயாகத் திரும்பி வரும் என்பார்கள். போலிஷ் மொழியில் அதற்கு ‘போரோனியெத்ஸ்’ என்று பெயர். பிரபு அவசரமாகப் புதைத்த குழந்தை அப்படித்தான் ஆகியிருக்கிறது. பார்க்கச் சகிக்காத உருவம். அதை வெட்டிப் போடலாம். அல்லது சாபத்தை நீக்கலாம். மூன்றாம் பரிசுக் கதையில் கேட்ட அதே கேள்வி.

சாபத்தை நீக்குவது என்றால் வெள்ளி வாளால் ஆகிற காரியம் அல்ல. தகப்பன் அந்தக் குழந்தையைக் கையில் தூக்கிக்கொள்ள வேண்டும். ராத்திரி வேளையில், தம் வீட்டு நிலைவாசல் வரையில் சுமந்து போக வேண்டும். அங்கே அதற்குப் பெயர் சூட்டி, மகளாக ஏற்று, வாசற்படிக்கு அடியில் புதைக்க வேண்டும். கெரால்ட் பக்கத்தில் வாளை உருவிக்கொண்டு, வழிமறிக்கும் ஆவிகளை விரட்டுகிறான். குழந்தை சீறும்போதெல்லாம் அதை அமைதிப்படுத்துகிறான். அந்தப் பருத்த சரீரம் படைத்த முரட்டு மனிதர், கடித்துக் குதறக்கூடிய ஒரு பிண்டத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, மழைச் சேற்றில் அடிமேல் அடி வைத்து நடக்கிறார். படியில் மண்டியிட்டு, ‘டேயா’ என்று பெயர் வைக்கிறார்.

எத்தனையோ விளையாட்டுகளில் எத்தனையோ ராட்சசர்கள் உண்டு. ஆனால் தகப்பனே தான் செய்ததைக் கையில் ஏந்திக்கொண்டு வீட்டு வாசலுக்கு நடந்து வருகிற மாதிரி ஒரு காட்சியை வேறு எதிலும் நான் கண்டதில்லை. சினிமாவில் எடுத்திருந்தால், பின்னணியில் வயலினைப் போட்டுக் கெடுத்திருப்பார்கள். அப்படிப் புதைத்த பிறகு அந்தக் குழந்தை பேயல்ல. ‘குவோபுக்’ என்னும், வீட்டைக் காக்கும் சின்ன ஆவியாகிவிடுகிறது. தாயும் தமக்கையும் போன வழியை அதுவே காட்டிக் கொடுக்கிறது.

பாட்டி

டமாரா தப்பித்து ஒரு நகரத்தில் பத்திரமாக இருக்கிறாள். அவளிடம் போய்த் தகப்பனார் திருந்திவிட்டார், அழுகிறார் என்றெல்லாம் சொல்லிப் பார்க்கலாம். அவள் மசிவதாயில்லை. நான் இந்த அத்தியாயத்தில் மிகவும் மெச்சுகிற எழுத்து இதுதான். நாம் அந்த நீண்ட ராத்திரியைக் கண்ணால் பார்த்திருக்கிறோம். அவர்மேல் இரக்கம் வந்துவிட்டது. அவளோ பல வருஷ ராத்திரிகளைப் பார்த்தவள். அவருடைய ஒரு நாள் கண்ணீருக்கு அவள் ஏன் உருக வேண்டும்? எழுதியவர்கள் அவளைக் கல்நெஞ்சக்காரியாகவும் காட்டவில்லை, கடைசியில் காலில் விழ வைத்து அப்பாவையும் பெண்ணையும் சேர்த்து வைக்கவும் இல்லை.

அன்னா சதுப்பு நிலத்தில் அகப்பட்டுக்கொண்டுவிட்டாள். அங்கே மூன்று சூனியக்காரிகள் இருக்கிறார்கள். கிராமத்தார் அவர்களை வனத்தம்மைகளாகக் கும்பிடுகிறவர்கள். அவர்களுடைய குடிசையில் அநாதைக் குழந்தைகள் சிலரை ஒரு ஸ்திரீ வளர்த்துக்கொண்டிருக்கிறாள். குழந்தைகள் அவளைப் ‘பாட்டி’ என்று கூப்பிடுகின்றன. அவளிடம் பேசிவிட்டுப் போகிறோம். அவள்தான் அன்னா என்பது அப்புறந்தான் உறைக்கிறது. சித்தம் கலங்கியிருக்கிறாள். அவளே ஒரு நாள் இந்தச் சூனியக்காரிகளிடம் வந்தவள். இந்த மனிதனின் குழந்தையைத் தான் சுமக்கக்கூடாது என்று கேட்டு, பதிலுக்கு ஒரு வருஷம் ஊழியம் செய்வதாக வாக்குக் கொடுத்தவள். ஆக, அந்த ராத்திரி குழந்தை போனது அடியினாலா, வாக்கினாலா? இரண்டும் ஒரே ராத்திரியில் வந்து சேருகிறபடி எழுதி வைத்துவிட்டுக் கதாசிரியர்கள் பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

சூனியக்காரிகள் கெரால்டுக்கு ஒரு வேலை கொடுக்கிறார்கள். குன்றின்மேல் உள்ள பெரிய மரத்தின் அடியில் ஓர் ஆவி அடைபட்டிருக்கிறது. அதைக் கொல்ல வேண்டும். ஆவியோ, “என்னை விடுதலை செய். இல்லாவிட்டால் அவர்கள் அந்தக் குழந்தைகளைத் தின்றுவிடுவார்கள்” என்கிறது. எதை நம்புவது? அன்னாவின் பெயர் அந்தப் பேச்சில் எங்கும் வருவதில்லை. ஏதோ ஒன்றைச் செய்துவிட்டு நம் காரியத்தைப் பார்க்கப் போகிறோம்.

மணிக் கணக்கில் ஆன பிறகு, பிரபுவுடன் சதுப்பு நிலத்துக்குத் திரும்பும்போது கணக்குத் தீர்க்கப்படுகிறது. ஆவியை விடுவித்திருந்தால் குழந்தைகள் தப்பிவிட்டன. ஆனால் அது போகிற போக்கில் ஒரு கிராமத்தையே சூறையாடிவிட்டது. குழந்தைகளைத் தப்பவிட்ட குற்றத்துக்காகச் சூனியக்காரிகள் அன்னாவை நீர்ப்பேயாக மாற்றிவிட்டார்கள். கெரால்ட் சாபத்தை நீக்கினாலும், சில கணங்கள் தெளிந்து கணவனையும் மகளையும் பார்த்துவிட்டு உயிரை விடுகிறாள். காக்கைக் கோட்டைக்குத் திரும்பிப் போனால், அங்கே ஒரு மரத்தில் பிரபு தூக்கில் தொங்குகிறார். ஆவியைக் கொன்றிருந்தாலோ, அன்னா உயிரோடு இருக்கிறாள், குழந்தைகள் இல்லை. அந்தத் துக்கத்தில் அவளுக்கு மிச்சமிருந்த சித்தமும் போய்விட்டது. மலைநாட்டில் ஒரு வைத்தியர் இருப்பதாகக் கேள்விப்பட்டு, பிரபு எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவளை அழைத்துக்கொண்டு புறப்படுகிறார்.

விளையாடியவர்களில் பலர் இந்த இரண்டாவது முடிவைக் கொஞ்சம் தேவலை என்கிறார்கள். எனக்கு அதுதான் அதிகப் பயத்தைத் தருகிறது. அடித்தவர் கையிலேயே அவளை ஒப்படைத்து வண்டி ஏற்றுகிறோம். “உனக்குச் சம்மதமா?” என்று அவளைக் கேட்க முடியாது, பதில் சொல்லுகிற நிலையில் அவள் இல்லை. பிரபு உண்மையாகவே திருந்தியிருக்கலாம். குடியை விட்டே விடலாம். அது வேறு விஷயம்.

என் குறையும் இங்கேதான். இவ்வளவு நன்றாக எழுதியவர்கள் அன்னாவுக்குப் பேச வாய் கொடுக்கவில்லை. அவள் காதலித்ததைக் கணவர் சொல்லிக் கேட்கிறோம். கர்ப்பம் கலைந்ததை மந்திரவாதி சொல்லிக் கேட்கிறோம். மிச்சத்தை மகள் சொல்கிறாள். கொலையுண்ட காதலனுக்காக அவள் எத்தனை நாள் அழுதாள், அந்த வீட்டில் அடுத்த நாள் காலையில் எப்படி எழுந்து அடுப்பு மூட்டினாள், சூனியக்காரிகளைத் தேடிப் போகிற துணிச்சல் எப்போது வந்தது என்பதையெல்லாம் அவளையே சொல்ல விட்டிருந்தால், பிரபுவின் அழுகைக்கு நம்மிடம் இவ்வளவு எளிதில் மரியாதை கிடைத்திருக்குமா? சந்தேகந்தான். அவரை நாம் முதலில் சந்தித்தோம். அவர் கதையை முதலில் கேட்டோம். அத்தியாயத்தின் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான்.

வயலட் ரோஜா

இந்தக் குறை அவர்களுக்கே பட்டதோ என்னவோ, அதே 2015-ம் வருஷம் அக்டோபரில் ‘ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன்’ என்று ஓர் இணைப்புக் கதை வெளியிட்டார்கள். அதிலும் ஒரு கணவன் மனைவி. ஓல்கியெர்ட் என்பவன் ஐரிஸ் என்ற பெண்ணைக் காதலித்தவன். சொத்தை இழந்ததால் அவள் பெற்றோர் பெண் கொடுக்க மறுத்துவிட்டார்கள். மாயாவி ஒருவனிடம் வரம் வாங்கி அவளை அடைகிறான். வரத்துக்கு விலை, அவன் இதயம் மெல்ல மெல்லக் கல்லாகிப் போவது. இவன் கை நீட்டி அடித்தவன் அல்ல. வேறு மாதிரிக் கொடுமை. மனைவி எதிரே உட்கார்ந்திருப்பாள். அவனுக்கு எதுவுமே தோன்றாது. கடைசியில் ஒரு வயலட் ரோஜாவைக் கொடுத்துவிட்டு வீட்டை விட்டே போய்விடுகிறான்.

ஐரிஸ் சித்திரக்காரி. அவள் இறந்த பிறகு, அவள் எழுதிய படம் ஒன்றுக்குள் கெரால்ட் நுழைய வேண்டியிருக்கிறது. உள்ளே இருப்பதெல்லாம் அவளுடைய ஞாபகங்கள். காதலித்த நாட்கள், சாப்பாட்டு மேஜைச் சண்டை, தனியாக உட்கார்ந்திருந்த மாலை வேளைகள். காலியாக இருக்கும் இடங்களைச் சரியான பொருள்களை வைத்துப் பூர்த்தி செய்தால் ஒவ்வொரு காட்சியும் உயிர் பெறுகிறது. இம்முறை கணவன் சொல்லி நாம் கேட்கவில்லை. அவள் கண்ணால் பார்க்கிறோம்.

அந்த ரோஜாவைக் கொண்டுவரச் சொல்லித்தான் ஓல்கியெர்ட் கெரால்டை அனுப்பியிருக்கிறான். அதை எடுத்துவிட்டால் அவளும் மறைவாள். அவளுடைய படத்து உலகமும் மறைந்துவிடும். எடுக்காவிட்டால், அந்த ஞாபகங்களோடு அங்கேயே இருந்துகொண்டிருப்பாள். கேட்டு வந்த கெரால்ட் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. அவள் தூரிகையை எடுத்து, ஒரு ரோஜாவை வரைந்து கொடுத்தனுப்புகிறாள்.